கூப்பிடு தூரத்தில் ஒரு டெண்ட்

போன எபிசோடு முழுக்க கோடு, டெப்ளாய்மென்ட், பக் என்றே போய்விட்டது. இன்றைக்கு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஊர்ப்பக்கம் போகலாம். என்னோட ஊர்ப்பக்கம்னா திருவையாறு. ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவுல வயல்.

விஷயம் என்னன்னா, காலேஜ்ல என் ரூம்மேட்டா இருந்தவன் இப்போ சியாட்டில்ல இருக்கான். மனைவி, இரண்டு வயசுப் பொண்ணோட ஊருக்கு வரான். அங்க அவங்களுக்கு கேம்பிங் பழகிப்போச்சு. ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள போவாங்க. கேம்ப்கிரவுண்ட்ல ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர் இருக்கும், மூணு மாசம் முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிடலாம். சில இடத்துல வண்டிக்கு கரண்ட், தண்ணி, கழிவுநீர்க் குழாய் மூணும் இருக்கும். பிளக்கைச் சொருகினா வீடு ரெடி.

அவன் எனக்கு அனுப்பின வாய்ஸ் நோட் இதுதான்: "மச்சி, பொங்கலுக்கு வரேன். டெல்டாவுல மரம் நிறைய இருக்கிற இடமா பாரு. டெண்ட் போடணும். கேரவன் கிடைச்சா இன்னும் சூப்பர். ஆத்துக்குள்ள மட்டும் வேண்டாம்."

அந்தக் கடைசி வரிக்கு ஒரு கதை இருக்கு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2022 ஜூலை. மேட்டூர் நிரம்பின வாரம். நாங்க நாலு பேர் சென்னையிலிருந்து கார்ல கிளம்பினோம். இடத்தைத் தேர்வு செய்தது நான். எப்படித் தேர்வு செய்தேன்? சாட்டிலைட் மேப்பைத் திறந்தேன். திருமானூர் பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கொள்ளிடத்துக்குள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு மணல் திட்டு. பக்கத்துல படுகையில மூங்கில், வாழை. ஒரு பின்னைக் குத்தி எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அந்தப் படம் ஏதோ ஒரு கோடையில எடுத்தது என்பது எனக்குத் தோணவே இல்லை. கேஷ்ல இருக்கிற பழைய டேட்டாவை நம்பி புரொடக்‌ஷன்ல கை வைக்காதேன்னு ஆபீஸ்ல ஜூனியர்களுக்கு கிளாஸ் எடுக்கிறவன் நான்.

கொள்ளிடத்தைப் பற்றித் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியுது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எல்லாம் வயலுக்குப் போற தண்ணீர். அதுங்க தாங்காத தண்ணீரையெல்லாம் கொள்ளிடத்தில்தான் தள்ளிவிடுவாங்க. அதனால வருஷத்துல பல மாசம் அது மணல்காடு. மேட்டூர்ல 120 அடி தொட்டுட்டா, வர்ற தண்ணியை அப்படியே வெளியே விட வேண்டியதுதான். அப்போ இந்த மணல்காடு ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஆறாகிடும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகு இடிஞ்சு விழுந்ததே, அதுவும் இப்படி ஒரு வெள்ளத்துலதான். 1836-ல கட்டின அணை.

நாங்க போய்ச் சேரும்போது இருட்டிடுச்சு. கரைக்கும் திட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம், முழங்கால் அளவு ஈரம். தாண்டிப் போனோம். மணல் காஞ்சு கிடந்தது. இரண்டு டெண்ட் போட்டோம், முட்டை வேகவைச்சோம், இளையராஜா போட்டோம். வானம் முழுக்க நட்சத்திரம். பத்து மணி இருக்கும், கரையிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம்.

"யாரது ஆத்துக்குள்ள?"

ஒரு அம்மா. கரைமேல குடிசை போட்டு மாடு வச்சிருக்கிறவங்க. நான் தெனாவெட்டா, "சும்மா படுத்துட்டு காலைல போயிடுவோம்மா"ன்னு கத்தினேன்.

"ஏந்திரிச்சு வாங்க தம்பி. தண்ணி வருதுன்னு சாயங்காலமே தண்டோரா போட்டுட்டுப் போய்ட்டாங்க."

"மணல் காஞ்சுதாம்மா இருக்கு."

"காஞ்சுதான் இருக்கும். வர்ற வரைக்கும் காஞ்சுதான் இருக்கும்."

அந்தக் குரல்ல கோபம் இல்ல, கெஞ்சலும் இல்ல. மாட்டைப் பிடிச்சுக் கட்டுற மாதிரி ஒரு குரல். முணுமுணுத்துக்கிட்டே டெண்ட்டைச் சுருட்டினோம். ஒரு டெண்ட், ஸ்டவ், இவனோட லேப்டாப் பை, இதையெல்லாம் இரண்டாவது நடையில எடுத்துக்கலாம்னு விட்டுட்டு முதல் நடை கரைக்கு வந்தோம். டீ போட்டுக் கொடுத்தாங்க. பேச்சுல நேரம் போயிடுச்சு. நடுராத்திரிக்கு மேல இவன், "போய் பையை எடுத்துட்டு வந்துடறேன்"னு எழுந்தான். அந்த அம்மா டார்ச்சை பள்ளத்துப் பக்கம் அடிச்சுக் காட்டினாங்க. சத்தமே இல்லாம நுரையும் சருகுமா தண்ணி ஓடிக்கிட்டிருந்தது. திட்டு இன்னும் காஞ்சுதான் இருந்தது. பள்ளம் மட்டும் நிரம்பிடுச்சு. அதாவது முதல்ல நமக்கும் கரைக்கும் நடுவுல இருக்கிற வழிதான் போகும். அதுக்கப்புறம் நிதானமா நம்ம இடம் போகும். அதுவரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது.

இவனுக்கு நீச்சல் தெரியாது. காலையில திட்டு இருந்த இடத்துல பழுப்பு நிறத்துல ஆறு மட்டும்தான் இருந்தது. திரும்பி வரும்போது கார்ல நாலு மணி நேரம் யாரும் பாட்டுப் போடல.

சரி. இப்போ அவன் குழந்தையோட வரான். அதனால இந்த முறை ஒழுங்கா தேடினேன்.

முதல்ல தேதி. பொங்கலுக்கு டெண்ட் வேண்டாம்னு சொன்னேன். மேட்டூரை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுறதுதான் வழக்கமான கணக்கு. ஜனவரி நடுவுல வாய்க்கால்ல தண்ணி இருக்கும், வயல்ல சம்பா அறுப்பு நடக்கும். ரோட்டோரம் காலியா தெரியுற இடமெல்லாம் நெல் காயப் போட்டிருப்பாங்க, இல்லைன்னா கொள்முதல் நிலையத்து மூட்டை அடுக்கியிருக்கும். "சரி, பிப்ரவரியில அறுத்த வயல் காலியாத்தானே இருக்கும்?" அப்படின்னான். இல்லடா. கதிர் நிக்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, அந்த ஈரத்துலேயே உளுந்தும் பயறும் தெளிச்சிடுவாங்க. மேலே பார்த்தா தாள்தான் தெரியும். குனிஞ்சு பார்த்தாத்தான் இரண்டு இலை விட்ட உளுந்து தெரியும். அதுமேல டெண்ட்டை விரிச்சா ஒரு குடும்பத்தோட கோடை வருமானத்துல படுத்திருக்கோம்னு அர்த்தம்.

அடுத்து காடு. டெல்டாவுல காடுன்னா எனக்கு இரண்டு இடம்தான் நினைவுக்கு வரும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு படகுல போய்ப் பார்க்கிற இடம். கீழே சேறும் உப்புத்தண்ணியும், டெண்ட் ஆணி அடிக்க நிலமே இல்லை. கோடியக்கரை வேற மாதிரி. வறண்ட பசுமைமாறாக் காடு, திறந்த புல்வெளி, வெளிமான், புள்ளிமான், காட்டுல திரியுற குதிரை, குளிர்காலத்துல பூநாரை. 1967-லிருந்து சரணாலயம், 2002-ல ராம்சார் இடமாச்சு. இவன் போட்டோவைப் பார்த்துட்டு, "இங்கதான், இங்கதான்"னு குதிச்சான்.

நான் கொஞ்சம் தண்ணி தெளிச்சு உட்கார வைக்க வேண்டியிருந்தது. சரணாலயத்துக்குள்ள நாம நினைச்ச இடத்துல ராத்தங்க முடியாது. வனத்துறை அனுமதி வேணும், தங்கணும்னா அவங்க ஓய்வு விடுதியில முன்கூட்டியே கேட்டு வாங்கணும், இல்லைன்னா வேதாரண்யத்துல ரூம் போடணும். தீ மூட்டுற பேச்சே கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டம் அதைத் தனியாவே சொல்லுது. எனக்கு இதுல வருத்தமும் இல்ல. 2018 நவம்பர் 16 கஜா புயல் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. எழுந்து நிக்கிற காடு அது. ராத்திரி அதை மானுக்கு விட்டுடலாம். அதே வருஷம் மார்ச் 11 தேனி குரங்கணியில காட்டுத்தீயில இருபது பேருக்கும் மேல செத்துப்போனாங்களே, அதுக்கப்புறம் கோடையில சருகுக்காட்டுல கேம்ப்ஃபயர்னு யாராவது சொன்னா எனக்கு வயித்தைப் பிசையும்.

கேரவன் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். பக்கத்துல கேரளா 2021-லேயே கேரவன் டூரிசத்துக்குன்னு கொள்கை கொண்டு வந்துட்டாங்க. நம்ம டெல்டாவுல வண்டிக்கு கரண்ட் பாயிண்ட்டும் கழிவுத்தொட்டியும் இருக்கிற ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை. அப்படியே கொண்டு வந்தாலும் ஆத்தங்கரை ரோட்டுல எதிரே அறுவடை மெஷின் வந்தா யார் ரிவர்ஸ் எடுக்கிறது? நிச்சயமா மெஷின்காரர் இல்ல. (சிரிப்பு)

ஆனா வெளியூர்க்காரன் ராத்தங்குறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல. ராமேஸ்வரம் போறவங்களுக்காக மராத்திய ராஜாக்கள் வழியெல்லாம் சத்திரம் கட்டினாங்க. சரபோஜி கட்டின ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிக்குது. 1930 ஏப்ரல்ல ராஜாஜி நூறு பேரோட திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தாரே, அப்போ தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், அவங்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தா தண்டனைன்னு உத்தரவு போட்டார். ஜனங்க சாப்பாட்டுப் பொட்டலத்தை ரோட்டோர மரக்கிளையில கட்டி வச்சிட்டுப் போயிட்டாங்க.

எனக்கு இந்த விஷயத்துல உண்மையில பாடம் எடுத்தது ஒரு கீதாரி. போன மார்ச் கடைசியில ஊருக்குப் போயிருந்தேன். உளுந்து எடுத்த வயல்ல ஆட்டுக்கிடை போட்டிருந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். வருஷா வருஷம் கோடையில மந்தையை ஓட்டிக்கிட்டு வருவாங்க. ராத்திரி ஆடு வயல்ல அடையும், புழுக்கை உரமாகும், நிலத்துக்காரர் அதுக்குக் காசோ நெல்லோ கொடுப்பார். வருஷத்துல பல மாசம் வெட்டவெளியில தூங்குற மனுஷன்.

"அண்ணே, படுக்க இடம் எப்படிப் பார்ப்பீங்க?"ன்னு கேட்டேன்.

அவர் சிரிச்சார். "இடத்தை எங்க பாக்குறது, ஆளைத்தான் பாக்குறது"ன்னார். ஊருக்குள்ள நுழைஞ்சதும் டீக்கடையில விசாரிப்பாராம், போன கார்த்திகையில தண்ணி எங்க நின்னுச்சுன்னு. எந்த வரப்புல எலி வளை அதிகம்னு கேட்பாராம். எலி இருந்தா பாம்பு வரும், கட்டுவிரியன் ராத்திரி படுக்கைக்கே வரும். தென்னைக்கும் பனைக்கும் அடியில படுக்கவே மாட்டார், மட்டை எப்போ விழும்னு தெரியாது. கருவை இருக்கிற பக்கம் ஆட்டுக்கும் முள்ளு, ஆளுக்கும் முள்ளு. இதெல்லாம் சொல்லிட்டு கடைசியா, "கூப்பிடு தூரத்துல ஒரு வீடு இருக்கணும் தம்பி. நாம கத்துனா அவனுக்குக் கேக்கணும், அவன் கத்துனா நமக்குக் கேக்கணும்"னார்.

எனக்கு உடனே கொள்ளிடக்கரை டார்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது. அன்னைக்கு நான் மேப்புல தேடினது என்ன? யாருமே இல்லாத இடம். கரையில அந்தக் குடிசை இருந்தது என் பிளான்லேயே இல்ல. இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி, இன்னும் அழகான திட்டைக் குத்தியிருந்தா, அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டிருக்காது.

அதனால இப்போ முடிவாகியிருக்கிற இடம் எங்க பெரியப்பாவோட இலுப்பைத் தோப்பு. மார்ச் கடைசியில மூணு ராத்திரி. கோடியக்கரைக்கு ஒரு நாள் பகல்ல போய் மான் பார்த்துட்டு வந்துடுவோம். தோப்பு மேடு, 2005 மழையிலேயே தண்ணி ஏறலைன்னு பெரியப்பா சொல்றார். அடி பம்பு பக்கத்துலேயே இருக்கு. அந்த நேரத்துல இலுப்பை பூத்திருக்கும், ராத்திரி முழுக்க வௌவால் வந்து பூவைத் தின்னும், விடியும்போது டெண்ட்டு மேலெல்லாம் பூ கொட்டிக்கிடக்கும். குழந்தைக்கு அது போதும்னு நினைக்கிறேன். ஜிப்பை மட்டும் ராத்திரி திறந்து போடக்கூடாது.

பெரியப்பாகிட்ட போன்ல அனுமதி கேட்டப்போ அவருக்குப் புரியவே இல்ல. "வீட்டுல மூணு ரூம் சும்மா கிடக்கு, எதுக்குடா தோப்புல படுக்கணும்?"னு மூணு தடவை கேட்டார். சருகு இருக்கு, நெருப்பு மட்டும் வைக்காதீங்கன்னார். நான் சரின்னேன். போனை வைக்கப் போறப்போ மறுபடியும், "டேய், புள்ளை வேற இருக்குங்கிற. கொல்லைப்பக்கத்து லைட்டை ராத்திரி பூரா போட்டு வைக்கிறேன், கதவைத் தாழ் போடல"ன்னார்.

டிக்கெட் புக் ஆயிடுச்சு. லேப்டாப் பையை அங்கேயே வச்சுட்டு வரச் சொல்லியிருக்கேன்.