பேர் பெற்ற வீடியோ விளையாட்டுகளின் யோக்கியதை

(ஒரு வாலிபர் மன்றக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசவேண்டும் என்று இம்மன்றத்து வாலிபர்கள் குறித்துக் கொடுத்திருக்கும் விஷயம் சற்று விநோதமானது. கம்ப்யூட்டரில் ஆடுகிற வீடியோ விளையாட்டுகளில், பெரிய முதலாளிகளின் தயவில்லாமல் இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து செய்கிற “இண்டி” விளையாட்டுகளுக்கும், சதுரங்கம் போல் யோசித்து யோசித்து ஆடவேண்டிய “ஸ்ட்ராட்டஜி” விளையாட்டுகளுக்கும் உலகத்தில் இருந்துவரும் பெரும் பேர் நியாயமானதுதானா, அல்லது வெறும் ஆர்ப்பாட்டமா என்பதே கேள்வி. தலைவரவர்கள் இதைப் படித்ததும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் சிரித்ததை நாம் கவனித்தோம். பிள்ளைகள் விளையாட்டைப் பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டமா என்பது அவர்கள் எண்ணமாயிருக்கலாம். ஆனால் பிள்ளைகள் ஆடினாலும் பணம் கொடுப்பவர்கள் பெரியவர்கள் அல்லவா? அன்றியும், பத்துப் பேர் புகழ்ந்ததால் ஒரு சரக்கு உயர்ந்தது என்று நம்பிக் கையை விட்டுக்கொள்வது பிள்ளைகளிடம் மட்டும் இருக்கிற வழக்கமா என்று கேட்கிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் இவ்விளையாட்டுகளுக்கு விரோதி அல்ல. இராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்து ஆடியவர்கள்தான் நாமும். ஆகவே ஆடாமலே திட்டுகிறான் என்று யாரும் ஆக்ஷேபிக்க முடியாது.

ஒரு விளையாட்டின் புகழ் இரண்டு காலத்தில் உண்டாகிறது. ஒன்று, ஆடிப் பார்த்த பிறகு வருவது. மற்றொன்று, விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே வருவது. பின்னதுதான் நாம் விசாரிக்க வேண்டிய ஆசாமி. யாரும் கண்ணால் காணாத பொருளை இன்னது இவ்வளவு மகிமை உடையது என்று ஆயிரம் பேர் சத்தியம் செய்கிறார்கள் என்றால், அதற்கு நாம் வேறு இடங்களில் என்ன பெயர் கொடுப்போமோ அதே பெயரைத்தான் இங்கும் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்ட் என்னும் ஊரில் ஹலோ கேம்ஸ் என்ற சிறு கூட்டத்தார், தோழர் ஷான் மர்ரே என்பவர் தலைமையில் “நோ மேன்ஸ் ஸ்கை” என்று ஒரு விளையாட்டைச் செய்வதாக 2013-ம் வருஷக் கடைசியில் ஒரு சிறு படம் காட்டினார்கள். ஆகாயத்தில் பறந்து கிரகம் கிரகமாக இறங்கிப் பார்க்கும் விளையாட்டு. எத்தனை கிரகங்கள் தெரியுமா? இரண்டை இரண்டால் பெருக்கி, மறுபடியும் பெருக்கி, 64 இரண்டுகளைப் பெருக்கினால் வருகிற 18,446,744,073,709,551,616. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நாலு என்று வைத்து அரசனை ஏமாற்றிய கதை உங்களுக்குத் தெரியும். அந்த நெல்லை விட இது ஒன்றே ஒன்று அதிகம். இந்த எண்ணைக் கேட்டு ஜனங்கள் மயங்கிப் போனார்கள். இத்தனை கோடானுகோடி கிரகங்களில் இறங்கிச் செய்யப்போவது என்ன என்று கேட்டவர்கள் வெகு சிலர். ஆடுகிற ஒருவர் மற்றொருவரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டபோது, முடியும், ஆனால் இடம் பெரிது ஆனதால் சந்திப்பது அபூர்வம் என்ற மாதிரி பதில் வந்தது.

2016 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. விலை 60 டாலர். வெளிவந்தவுடனேயே இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை! மூன்று வருஷம் நடந்த பிரசாரத்தை இரண்டு பேர் ஒரு பரீட்சையில் முடித்துவிட்டார்கள். வெறுங்கையோடு செய்த அந்தப் பரீட்சை, பத்திரிகைகள் எழுதித் தள்ளிய அத்தனை பக்கங்களையும் விட மேலானது என்பது நமது அபிப்பிராயம். பணம் கொடுத்தவர்கள் கூச்சலிட்டார்கள். அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்புச் சபைக்குப் புகார் போயிற்று. சபையார் விசாரித்து, விளம்பரம் சட்டத்தை மீறவில்லை என்று அவ்வருஷம் நவம்பரில் தள்ளிவிட்டார்கள். சட்டப்படி குற்றமில்லை, சரி. ஆனால் சட்டப்படி குற்றமில்லாத ஏமாற்றம் என்று ஒன்று உலகத்தில் இல்லையா?

நிற்க. இந்தக் கதையில் பாதியை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாமும் அயோக்கியர்களாவோம். அந்தக் கூட்டத்தார் வாங்கிய பணத்தோடு ஓடிவிடவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்தார்கள். 2018 ஜூலையில் ஒருவரையொருவர் கண்டு கூடி ஆடும்படி செய்தார்கள். அதற்குப் பின்னும் வருஷந்தோறும் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அவ்வளவும் இலவசம். 2024-ல், வாங்கியவர்கள் எழுதும் மொத்த அபிப்பிராயமே “மிகவும் நன்று” என்ற பக்கம் திரும்பிவிட்டது. இன்று அதற்கிருக்கும் பேர் உழைத்துச் சம்பாதித்த பேர். 2016-ல் இருந்த பேரோ கடன் வாங்கிய பேர். பின்னால் கடனை அடைத்ததால் முன்னால் கடனே வாங்கவில்லை என்று ஆகிவிடாது.

இனி இதற்கு நேர் எதிரான ஒருவரைப் பாருங்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் தோழர் எரிக் பரோன் என்பவர், ஒரு நாடகக் கொட்டகையில் ஜனங்களுக்கு இடம் காட்டி உட்காரவைக்கும் வேலை பார்த்துக்கொண்டே, சுமார் நாலரை வருஷம் தனியாக உட்கார்ந்து “ஸ்டார்டியூ வேலி” என்ற விளையாட்டைச் செய்தார். படம் அவருடையது, பாட்டு அவருடையது, கதை அவருடையது, கணக்கும் அவருடையதே. பட்டணத்து ஆபீசு வேலையை விட்டுவிட்டு, பாட்டன் விட்டுப்போன நிலத்தில் பயிர் செய்வதுதான் விளையாட்டு. நம் கிராமத்துத் தோழர்கள் சிரிக்கலாம், அதில் கந்தாயம் கட்டவேண்டியதில்லை, மழை பொய்ப்பதுமில்லை! 2016 பிப்ரவரியில் 15 டாலருக்கு விற்றார். விலையை உயர்த்தவில்லை. பிறகு சேர்த்த பாகங்களுக்கும் காசு கேட்கவில்லை. 2024 கடைசிக்குள் 4 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. இந்தப் புகழ் தகுமா என்றால், தகும் என்று தயங்காமல் சொல்லுகிறோம்.

உடனே சிலர், பார்த்தீர்களா, நல்ல சரக்குத் தானே விலை போகும் என்று சித்தாந்தம் பேச வருவார்கள். அதையும் சற்றுப் பரீட்சை செய்வோம். ஸ்டீம் என்னும் இணையக் கடையில் 2024 ஒரு வருஷத்தில் மட்டும் வந்து விழுந்த விளையாட்டுகள் 18 ஆயிரத்துக்கு மேல். அவற்றுள் எத்தனை பரோன்கள் நாலரை வருஷம் உழைத்துவிட்டு நாலரை நூறு பேர்கூட வாங்காமல் போனார்கள் என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? ஜெயித்தவர் பெயர் தெரிகிறது, தோற்றவர் பெயர் தெரிவதில்லை. நேர்ந்துகொண்டு பிழைத்தவன் வந்து சாட்சி சொல்லுகிறான், நேர்ந்துகொண்டும் செத்தவன் வந்து சொல்லுவதில்லை என்பது போலத்தான் இதுவும். “அமாங் அஸ்” என்று ஒரு விளையாட்டு 2018-ல் வந்தது. ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. 2020-ல் நோய்க்குப் பயந்து உலகமே கதவடைத்துக் கிடந்தபோது, தாம் ஆடுவதைப் பிறருக்குக் காட்டிப் பிழைக்கும் சிலர் அதை எடுத்து ஆடினார்கள். உலகம் முழுவதும் அதே பேச்சாயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் விளையாட்டு அடியோடு மாறிவிட்டதா? இல்லை. ஜனங்கள் இருந்த நிலைமைதான் மாறியது. ஆகவே பேர் பெரிது என்பதால் சரக்கு நல்லது என்றும் ஆகாது, பேரில்லை என்பதால் மட்டம் என்றும் ஆகாது.

ஸ்ட்ராட்டஜி விளையாட்டுகளின் பேரே வேறு தினுசு. “இது வெறும் பொழுதுபோக்கல்ல, அறிவை வளர்ப்பது, சரித்திரத்தைப் போதிப்பது” என்பார்கள். இவற்றுள் தலையாயது தோழர் சிட் மையர் என்பவர் 1991-ல் வெளியிட்ட “சிவிலிசேஷன்”. ஆடுகிறவர் ஒரு தேசத்துக்குத் தலைவராகிக் கற்காலத்திலிருந்து ராக்கெட் காலம் வரை நடத்தவேண்டும். “இன்னும் ஒரே ஒரு முறை” என்று சொல்லிச் சொல்லிப் பொழுது விடிந்துவிடும் என்று பேர் பெற்றது. அது மெய்தான். நாமே சாட்சி.

அதில் இந்தியாவுக்குத் தலைவர் காந்தியார். அவரைப் பற்றி ஒரு கதை உலகமெல்லாம் உலாவுகிறது. காந்தியாரின் கோபத்துக்கு விளையாட்டில் ஒன்று என்று எண் கொடுத்தார்களாம். நாடு ஜனநாயகமானதும் அதில் இரண்டு குறையுமாம். ஒன்றில் இரண்டு போனால் பூஜ்யத்துக்குக் கீழே எண் இல்லாததால் கம்ப்யூட்டர் சுற்றி வந்து 255 ஆக்கிவிட்டதாம். அதனால் காந்தியார் அணுகுண்டு வீசும் அரக்கனாகிவிட்டாராம். கேட்க எவ்வளவு பொருத்தமாயிருக்கிறது! எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, கணித சாஸ்திரமே இருக்கிறது. படித்தவர்கள், அதிலும் கம்ப்யூட்டர் படித்தவர்களே இதைச் சொல்லிப் பாடம் நடத்தினார்கள். தோழர் மையர் 2020-ல் எழுதிய தம் சுயசரித்திரத்தில், அப்படி ஒரு பிழை ஒருநாளும் இருந்ததில்லை என்று எழுதிவிட்டார். அணுகுண்டு கையில் வந்த தலைவர் எவரானாலும் ஒரே மாதிரி மிரட்டுவார்கள், காந்தியார் வாயில் அது வந்ததால் வேடிக்கையாய்த் தெரிந்தது, அவ்வளவே. பிறகு 2010-ல் ஐந்தாவது சிவிலிசேஷன் செய்தவர்கள், பத்துக்கு மேல் போகாத கணக்கில் காந்தியாரின் அணுகுண்டு ஆசைக்கு வேண்டுமென்றே 12 என்று போட்டு வைத்தார்கள். ஆக விளையாட்டாகச் செய்தது நிஜமாயிற்று. 255 கதை இணையத்தில் பரவியது அதற்கும் பிறகு! ஸ்தல புராணங்கள் எப்படி உண்டாயின என்று நம்மை இனி யாரும் கேட்க வேண்டாம். முப்பது வருஷத்துக்குள், செய்தவர் உயிரோடிருக்கும்போதே இவ்வளவு கூத்து என்றால், முப்பது நூற்றாண்டில் என்னதான் நடக்காது?

அறிவை வளர்க்கிறது என்ற பேச்சையும் பார்ப்போம். 2010-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் நடந்த விளையாட்டுத் தொழிலாளர் மகாநாட்டில் இதே மையர் ஒரு ரகசியத்தை வெளியிட்டார். நம் படைக்கு மூன்று பங்கு பலம், எதிரிக்கு ஒரு பங்கு என்றால், நாலு சண்டையில் ஒன்றில் தோற்பதுதான் கணக்கு. ஆனால் ஆடுகிறவர்கள் அந்த ஒரு தோல்வியைப் பொறுப்பதில்லையாம். ஏமாற்று என்று சண்டைக்கு வருகிறார்களாம். ஒன்றுக்கு மூன்று பலத்தோடு எதிரி தோற்றால் மட்டும் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறார்களாம். ஆகவே கணக்கையே ஆடுகிறவர் பக்கம் சற்றுச் சாய்த்துவிட்டார்கள்! மனிதனுடைய சுபாவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா? நம் கெட்டிக்காரத்தனத்தால் ஜெயித்தோம் என்று மார்தட்டிய எத்தனையோ வெற்றிகள், செய்தவர் போட்ட பிச்சை.

சரித்திரம் போதிக்கிறது என்பதற்கும் ஒரு வார்த்தை. கண்டுபிடி, பரவு, சுரண்டு, அழி என்ற நாலு காரியங்களை வைத்து இத்தகைய விளையாட்டுகளுக்கு 1993 முதல் ஒரு ஜாதிப் பெயரே வழங்கி வருகிறது. 2018-ல் கானடா தேசத்துக் கிரீ பழங்குடிகளின் தலைவர் பவுண்ட்மேக்கரை ஆறாவது சிவிலிசேஷனில் சேர்த்தார்கள். அக்குடியின் தலைவர்களில் ஒருவரான தோழர் மில்டன் டூட்டூஸிஸ், பிறர் நிலத்தைப் பிடிக்கும் எண்ணம் எங்கள் முன்னோர் வழக்கமே அல்லவே, வெள்ளைக் குடியேற்றக்காரர் புத்தியை எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்ற கருத்தில் கண்டித்தார். இந்தக் கண்டனம் நியாயமானது. கௌரவம் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு ஆளுக்குத் தக்கபடி விளையாட்டை மாற்றாமல், விளையாட்டுக்குத் தக்கபடி ஆளை மாற்றினார்கள். ஏழாவது சிவிலிசேஷன் 2025 பிப்ரவரியில் 70 டாலருக்கு, அதாவது நம் பணத்தில் ஐயாயிரத்துக்கு மேல் வைத்து வந்தது. இன்னும் அதிகம் கொடுத்தவர்களுக்கு ஐந்து நாள் முந்தி தரிசனம்! முந்திப் போனவர்களே குறை சொல்லிக்கொண்டு திரும்பினார்கள்.

இவ்வகையில் மெய்யாகவே யோசிக்க வைப்பது எது என்று கேட்டால், இரண்டே பேர் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட “இன்ட்டு தி பிரீச்” என்ற சிறு விளையாட்டைச் சொல்லுவோம். சதுரங்கம் போலவே எட்டுக்கு எட்டுக் கட்டம். எதிரி அடுத்தபடி எங்கே அடிக்கப்போகிறான் என்பதை முன்னதாகவே காட்டிவிடுகிறது. தோற்றால் பெரும்பாலும் விதியையோ சகுனத்தையோ நொந்துகொள்ள வழியில்லை. நம் புத்தி போதவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சென்ற வருஷங்களில் நாமும் ஒரு தடவை ஏமாந்தோம் என்பதை மறைக்கவில்லை. இணையத்தில் ஒருவர் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்ததை நம்பி, வெளிவராத ஒரு விளையாட்டுக்கு முன்பணம் கட்டினோம். வந்தது பாதி வெந்த சோறு. புகழ்ந்தவர் கூலி வாங்கிக்கொண்டு புகழ்ந்தார் என்பது பிறகு தெரிந்தது. இது நம் ஒருவர் அதிர்ஷ்டம் அல்ல. வார்னர் கம்பெனியார் தங்கள் 2014-ம் வருஷத்து விளையாட்டு ஒன்றைப் புகழ ஆட்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை ஜனங்களுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷனே வழக்கெடுத்து, 2016-ல் ராஜியாயிற்று.

கூட்டம் தொடங்கு முன் ஒரு வாலிபர், ஆஸ்திரேலியாக்காரர்கள் செய்த “சில்க்ஸாங்” எப்படி என்று கேட்டார். அதற்கு 2019 முதல் ஆறு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் தவம் கிடந்தார்கள். 2025 செப்டம்பர் 4-ந் தேதி வந்தபோது கூட்டம் தாங்காமல் இணையக் கடைகளே சற்று நேரம் படுத்துவிட்டன. இந்த ஆர்ப்பாட்டம் முன்சொன்ன ஜாதியைச் சேர்ந்ததுதான். ஆனால் செய்தவர்கள் பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்காமல், எல்லோருக்கும் ஒரே நாளில், 20 டாலருக்குக் கொடுத்தார்கள். அதை நாம் பாராட்டுகிறோம். ஆட்டம் நல்லது, ஆனால் கடினம். சீன மொழிபெயர்ப்பு மோசம் என்று அந்நாட்டார் சண்டை பிடித்தார்கள்.

வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று 2015 முதல் விதி இருக்கிறது. முன்கதைப் படத்திலேயே அதில் பாதி நேரத்தை ஓட்டிவிடுகிற விளையாட்டுகளும் உண்டு. ஆகையால் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.