மேலேறும் மலைச்செடிகள்



ஹூக்ளியின் மேற்குக் கரையில், 1787ஆம் ஆண்டு ராபர்ட் கிட் தொடங்கிய சிப்பூர் தாவரவியல் பூங்காவில், செடிகளைப் பூவும் இலையுமாக அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் எழுதிக் காக்கும் உலர்தாவரத் தொகுப்பகம் ஒன்று உள்ளது. கொல்கத்தாத் தமிழர் பலரும் அங்குள்ள பேராலமரத்தைக் கண்டு திரும்பிவிடுகின்றனர்; இமயமலையின் தாவரங்கள் இடம் மாறுவதை அளக்கும் கோலோ இத்தகைய பழம்பதிவுகளில்தான் கிடக்கிறது.

1848இல் கொல்கத்தாவில் வந்திறங்கி, டார்ஜிலிங் வழியே சிக்கிம் சென்ற தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், தாம் கண்ட செடிகள் எந்த உயரத்தில் வளர்ந்தன என்பதைக் கருத்தாகக் குறித்துவைத்தார். அக்குறிப்புகளோடு ஒப்பிட்டு 2007 முதல் 2010 வரை சிக்கிமில் மீளாய்வு செய்த அறிவியலாளர்கள், அம்மலைகளுக்கே உரிய 124 இனங்களில் 87 விழுக்காடு தம் எல்லையை மாற்றிக்கொண்டிருப்பதையும், பத்தாண்டுக்குச் சராசரியாக 27 மீட்டருக்குச் சற்றே அதிகமாக மேலேறியிருப்பதையும் கண்டறிந்து 2013இல் வெளியிட்டனர். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். ஆகவே மலை சூடேறும்போது, முன்பு மேற்சரிவில் விழுந்து குளிரில் மடிந்த விதை இப்போது பிழைக்கிறது, கீழ் எல்லையில் முளைத்த நாற்றோ பட்டுப்போகிறது. உச்சியை அடைந்துவிட்ட இனத்துக்கு அதற்குமேல் போக நிலமில்லை.

ஆயினும் எல்லாவற்றுக்கும் வெப்பத்தையே காரணம் காட்டுவது அவசரத் தீர்ப்பாகும். மரங்கள் வளரக்கூடிய கடைசி உயரமாகிய மரவரம்பு, பல சரிவுகளில் குளிரால் மட்டுமல்லாமல், நாற்றுகளைக் கறித்த யாக் மாடுகளாலும் ஆடுகளாலும், விறகுக்கு வெட்டிய கைகளாலும் தாழ்த்தப்பட்டிருந்தது. 1990களின் இறுதியில் சிக்கிம் அரசு காப்புக்காடுகளில் மேய்ச்சலைத் தடைசெய்தது. மேய்ச்சல் நின்ற புல்வெளியில் புதர் தழைக்கும், வெப்பமும் அதையே செய்யும். இரண்டும் ஒரே திசையில் தள்ளுமிடத்தில், எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய நீண்டகாலப் பதிவு வேண்டும்.

மனிதர் நட்ட மரங்களின் கதை இதனினும் வெளிப்படையானது. டார்ஜிலிங் மலைகளில் இயற்கைக் காட்டை அழித்து நிரப்பிய ஜப்பானிய ஊசியிலை மரமான தூபியின் அடியில், பழுப்பு ஊசிகள் மெத்தையாகப் படிந்திருக்க, கீழ்ச்செடிகள் அரிதாகவே தலைகாட்டுகின்றன. தமிழகத்தின் பழனிமலையில், தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய வாட்டில் முதலான தோட்ட மரங்களாலும் வேளாண்மையாலும், நாற்பதாண்டில் மலைப்புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்துபோனது. டார்ஜிலிங்கை அடுத்த சிங்கலீலா மலையில் குராஸ் என்று வழங்கும் செம்மலர் மரத்தின் நெருங்கிய உறவான பழனிமலையின் காட்டுப்பூவரசு, தடித்த பட்டையால் காட்டுத்தீயைத் தாங்கிப் புல்வெளியில் நின்ற மரமாகும். அது தீயைத் தாங்கியது, வாட்டிலின் நிழலைத் தாங்குவதே கடினம். மலையில் எங்கும் மரம் நடுவது நற்பணி என்ற எண்ணம் இங்கே பெருங்கேடு விளைத்திருக்கிறது.

வாட்டிலை அகற்றுவதிலும் விவேகம் வேண்டும். அதன் விதைகள் மண்ணில் பல்லாண்டு உறங்கிக் கிடப்பதால், ஒரேயடியாக வெட்டிச் சாய்த்த இடத்தில் அதுவே மீண்டும் அடர்ந்து முளைக்கிறது. பழனிமலையின் கொடைக்கானல் பகுதியில் சில வாட்டில் தோப்புகளிலோ, அதன் நிழலிலேயே இம்மலையின் இயற்கைக் காடாகிய சோலையின் மர நாற்றுகள் எழுகின்றன. முன்பு புல்வெளியாக இருந்தது எது, இப்போது சோலையாகத் தேறிவருவது எது என்று சரிவு சரிவாகப் பார்த்த பிறகே கோடரியை எடுக்க வேண்டும்.