எட்டு மணி நேரம் போதாதாம்!
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மும்பையில் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிற நம் ஆட்கள் சிலருக்குப் புதுக் கட்டளை ஒன்று வந்திருக்கிறது. காலையில் வந்ததும் வாட்ஸ்அப்பில் ‘லைவ் லொகேஷன்’ அனுப்ப வேண்டுமாம். தவறினால் கூலியில் பிடித்தம்.

2017 அக்டோபரில் வந்த வசதி இது. 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு. நாம் நகர நகர, அடுத்தவர் போனில் நம் புள்ளியும் நகரும். நடுவில் கம்பெனி பார்க்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறார்களாம். இருக்கட்டும். நம் கவலை மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரியைப் பற்றியது.

கருவியை நாம் பழிக்கவில்லை. கடைசி லோக்கலில் இறங்கித் தனியே நடக்கும் நம் பெண் தோழிக்கு அனுப்புகிறாள். வீடு சேர்ந்ததும் நிறுத்துகிறாள். அது அவள் இஷ்டம். நாள் முழுக்க அனுப்பு என்று அண்ணன் மிரட்டினால் அது வேறு. (அப்படிப்பட்ட அண்ணன்மார் இங்கேயும் இருக்கிறார்கள்!)

எட்டு மணி முடிந்ததும் “மறுபடி அமுக்கு” என்கிறார் காண்டிராக்டர். 1886இல் சிகாகோத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்ட எட்டு மணி நேரம் இவருக்குப் போதவில்லை. வேலை முடிந்தபின் நாம் ஆஸ்பத்திரிக்குப் போனோமா, வேறு வேலை தேடினோமா, இந்தக் கூட்டத்துக்கு வந்தோமா என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? வேகன் எந்த யார்டில் நிற்கிறது என்று கணக்கு வைப்பது ரயில்வே குமாஸ்தாக்களான எங்கள் பிழைப்பு. வேகனுக்கு வீடு வாசல் கிடையாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையே 2024 ஜூலை 8 அன்று அதே நீதிமன்றம் நீக்கிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இல்லாத கட்டு, கூலிக்கு வந்தவனுக்கு ஏன்? ஆனால் 2023ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை சம்பந்தமான காரியங்களுக்குச் சம்மதம் கேட்காமலே நம் விவரத்தைப் பயன்படுத்த முதலாளிக்கு வழி விட்டிருக்கிறார்கள். ஆகவே கோர்ட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேராகக் காண்டிராக்டரைப் பார்க்கப் போகிறோம். ஒன்று, ஒழுங்காக வருகைப் பதிவேடு வையுங்கள். இல்லை, புள்ளிதான் வேண்டும் என்றால் போனை நீங்களே கொடுங்கள்; வேலை முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம். தனித்தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது.

போகுமுன் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் லைவ் லொகேஷன் திறந்து, யாருக்கெல்லாம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தெரியாதவர்களுக்கு வாசலில் நம் இளைஞர்கள் காட்டித் தருவார்கள்.