குப்பைமேட்டு ஆர்மோனியம்

(நமது கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கீதத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று காரியதரிசி சொன்னார். ஏதாவது என்றால் நம்மவர்கள் திருவையாற்றில் ஆரம்பித்து அரியக்குடியில் முடிப்பது வழக்கம். நான் இன்று இங்கிலாந்து வரை போகப் போகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

போன நவராத்திரிக்கு நம் பிள்ளைகள் ஐந்து பேர் வயலின், கிடார், ஆர்மோனியம், கடம் எல்லாம் வைத்துக்கொண்டு, தாங்களே மெட்டமைத்த ஓர் உருப்படியை வாசிக்க அனுமதி கேட்டார்கள். கமிட்டியில் முதலில் வேண்டாம் என்று சொன்னவன் அடியேன்தான். "கர்நாடகமோ மேற்கத்தியமோ, ஒன்றாக இருக்கட்டும், கலப்படம் வேண்டாம்" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார்கள். அதில் ஒரு பெண் மட்டும் இரண்டு நாள் கழித்து என் கைபேசிக்கு ஓர் இசையை அனுப்பி, "மாமா, இது எந்த ஊர்ப் பாட்டுன்னு சொல்லுங்கோ" என்று கேட்டாள்.

கேட்டேன். பிடிலும் அக்கார்டியனும் துள்ளிக்கொண்டு ஓடின. அயர்லாந்து கிராமத்து நடன மெட்டு, நூறு இருநூறு வருஷமாவது இருக்கும் என்று பதில் போட்டேன். வாசித்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள்தானாம். பாட்ரிக் ஸ்ட்ரீட் என்ற குழு, 1990ல் பதிவு செய்தது. ஆனால் மெட்டு 1984ல்தான் இசைத்தட்டில் வந்திருக்கிறது. எழுதியவர் சைமன் ஜெஃப்ஸ் என்ற ஆங்கிலேயர். எழுதப்பட்ட இடமோ ஜப்பான்! அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இந்த ஜெஃப்ஸ் 1949ல் பிறந்தவர். 1972ல் பிரான்சின் தென்கரையில் கெட்டுப்போன மீனைச் சாப்பிட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தாராம். (மீன் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது சரிதான்!) அந்த ஜுர மயக்கத்தில், மனிதர்கள் தனித்தனி அறைகளில் கண்காணிப்புக்கு நடுவே உயிரில்லாமல் வாழும் ஒரு கட்டடம் தெரிந்தது. அதற்கு நேர்மாறாக, யாரும் வந்து உட்காரக்கூடிய ஒரு காபிக்கடையை மனதில் கற்பித்துக்கொண்டார். அதன் பெயர் பெங்குவின் கஃபே. அந்தக் கடையில் வாசிப்பதற்கென்றே பெங்குவின் கஃபே ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவை அமைத்தார். முதல் இசைத்தட்டு 1976ல் வந்தது.

வயலின், செல்லோ, கிடாரோடு வெனிசுவேலா தேசத்தின் குவாட்ரோ, ஹவாயின் யுகலேலி எல்லாம் இதில் உண்டு. ஜிம்பாப்வேயில் கட்டைவிரலால் மீட்டும் ம்பீரா என்ற வாத்தியத்துக்கான பழைய பாட்டு ஒன்றை எடுத்துக் கையாண்டபோது, அதன் பெயரையே மொழிபெயர்த்துத் தலைப்பாக வைத்தார். வந்த இடத்தை மறைக்கவில்லை. இன்னொன்றில் தொலைபேசியின் மணியொலியும் 'எங்கேஜ்டு' ஒலியும் ஒரே சமயத்தில் கேட்டதைப் பதிவுசெய்து, அதையே சுருதியாக வைத்துக்கொண்டு, ஒரு ரப்பர் பாண்டையும் மீட்டியிருக்கிறார். எல்லாமே பிரமாதம் என்று சொல்லமாட்டேன். சில உருப்படிகள் சங்கதி போடத் தெரியாத பாகவதர் பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிற மாதிரி இருக்கின்றன.

ஆனால் அந்த ஆர்மோனிய மெட்டு வேறு ரகம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பான் போனபோது, கியோட்டோ நகரத்துச் சந்து ஒன்றில் யாரோ குப்பையில் போட்டிருந்த ஆர்மோனியம் அவர் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டுபோய் நண்பர் வீட்டில் வைத்து, அவ்வப்போது போய் வாசித்ததில் பிறந்த மெட்டு அது.

ஆர்மோனியம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? 1940லிருந்து 1971 வரை அகில இந்திய வானொலி அதைத் தள்ளி வைத்திருந்தது. கமகம் வராது, ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக நிற்கும் என்பதுதான் குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டு. ஜெஃப்ஸ் என்ன செய்தார் என்றால், அதனிடம் வராததைக் கேட்கவே இல்லை. படிக்கட்டுதான் என்றால் அதில் தாவித் தாவி ஏறலாமே என்று குட்டிக் குட்டி ஸ்வரங்களை அடுக்கிவிட்டார். அக்கார்டியனும் ஆர்மோனியமும் ஒரே வம்சம், இரண்டிலும் காற்றுப் பட்டு உலோக நாக்கு அதிர்கிறது. அதனால்தான் அந்த மெட்டு அயர்லாந்து அக்கார்டியனில் அத்தனை சுலபமாகக் குடியேறியது. எழுதியவர் பெயர் தெரியாமலே இன்று பலர் அதை ஊர்ப்பாட்டாக வாசிக்கிறார்கள். அவர் 1997ல் காலமானார். அவர் பிள்ளை ஆர்தர் 2009ல் பெங்குவின் கஃபே என்ற பெயரில் புதுக்குழு தொடங்கினார்.

இதையெல்லாம் படித்தபிறகுதான் எனக்கு முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஞாபகம் வந்தார். வெள்ளைக்காரன் பாண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் செய்து ஏறக்குறைய நாற்பது நோட்டு ஸ்வரங்கள் தந்தவர் அவர். தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்திலும் ஒரு கமிட்டி இருந்து, அதில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

பிள்ளைகளிடம் நானே போய்ச் சொன்னேன், வாசியுங்கள் என்று. ஆனால் அதற்குள் கடம் வாசித்த பையன் படிப்புக்காக வெளியூர் போய்விட்டான். அன்றைக்கே சரி என்றிருந்தால் ஐந்து பேரும் சேர்ந்து வாசித்திருப்பார்கள். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. இப்போது நாலு பேர்தான். கடத்துக்குப் பதில் ஒரு காலி எண்ணெய் டின்னைத் தட்டப் போகிறார்களாம். நம் சமையற்கட்டு டின்தான். பொருளாளர் கணக்குக் கேட்க வேண்டாம்.

உள்ளே சுருதி சேர்க்கிற சத்தம் கேட்கிறது. மேடையை அவர்களுக்கு விடுகிறேன்.