இரயில் நிற்கட்டும், நாம் எங்கே நிற்பது?

(தாராவியில் நடைபெற்ற சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஒரு ஞாயிறுதான் உங்களுக்குக் கிடைக்கிறது. துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க, பிள்ளைகளை ஒரு தரம் முகம் பார்த்துப் பேச. அதையும் விட்டுவிட்டு இங்கே வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "மும்பையில் வெயில் கொளுத்துகிறது. வானத்தில் மேகமே இல்லை. வங்காள விரிகுடாவில் எங்கேயோ புயல் என்று சொல்லி எங்கள் ஊர் வண்டியை எதற்காக ரத்து செய்தான்? இளிச்சவாயன் தமிழன் என்றுதானே?" நல்ல கைதட்டல் விழுந்தது. நானும் தட்டியிருப்பேன். ஆனால் நான் இரயில்வேயில் குமாஸ்தா. தட்டப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு. பாதிப் பேச்சு இரயில்வேக்கு ஆதரவாக இருக்கும், பாதி எதிராக இருக்கும். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கத் தயாராகவே வந்திருக்கிறேன்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் வண்டி. எண் 653. அந்தக் காலத்தில் எழும்பூரிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கிருந்து கப்பல் ஏறித் தலைமன்னார் போய், மறுபடியும் இரயில் ஏறிக் கொழும்புக்குப் போவார்கள். பிழைக்கப் போனவர்களின் பாதை அது. நம்முடைய மும்பைப் பாதைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் கடலில் சில நாள் முன்பே உருவான புயல், இலங்கையில் வவுனியாவைத் தாண்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் வண்டி பாம்பனை விட்டுக் கிளம்புகிறது. டிக்கெட் கணக்குப்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடிக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது சிக்னல் எரியவில்லை. டிரைவர் நிறுத்திப் பார்த்தார், காத்திருந்தார், பிறகு விசிலை ஊதிக்கொண்டே வண்டியை நகர்த்தினார் என்பார்கள். அலை எழுந்து வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்தப் புயலில் மாண்டவர்கள் மொத்தம் 1800 பேருக்கு மேல் என்பது கணக்கு. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகாத ஊர் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. பாம்பன் பாலத்தில் உடைந்த தூலங்களைத் தேடியெடுத்து, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் சரிசெய்தார். பின்னாளில் அந்தப் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி வைத்து, மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் சிக்னல் தானாகச் சிவப்பாகும்படி செய்தார்கள். தனியாக ஒரு மனிதன் இருட்டில் நின்று முடிவெடுக்கும் சுமையைக் கருவியிடம் கொடுத்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 110 என்பது டிக்கெட் வாங்கியவர்கள் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள், ஆகவே செத்தவர்கள் இன்னும் அதிகம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். கணக்கில் வராதவன் சாவிலும் கணக்கில் வருவதில்லை. இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1956 நவம்பரில், அரியலூர் பக்கம் மருதையாற்றில் வெள்ளம். பாலத்தின் அடி அரித்துப் போயிருந்தது தெரியாமல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன்மேல் ஏறியது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டார். இங்கே தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இப்போது நம் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த நாள். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் போகும் வழியில் ஜல்லி முழுவதும் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் போனில் பார்த்தீர்கள். வண்டி இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தனுஷ்கோடியில் வண்டி நகர்ந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஆகவே தோழர்களே, புயலுக்கு முன் வண்டியை நிறுத்துகிறவன் நம் எதிரி அல்ல. நிறுத்தத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே போக வேண்டாம், நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2019 ஜூலையில் கோலாப்பூர் போகும் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் இங்கிருந்து கிளம்பி, பத்லாபூர் தாண்டி வாங்கணி பக்கத்தில் உல்லாஸ் ஆற்று வெள்ளத்தில் நின்றுவிட்டது. படகு கொண்டு வந்து ஆயிரத்துச் சொச்சம் பேரை மீட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் உள்ளே இருந்தார்கள். புனே வழியாக நம் ஊருக்குப் போகும் வண்டிகள் எல்லாம் ஓடுகிற தடம் அதுதான்.

சரி, அங்கே புயல் என்றால் இங்கே வெயிலில் ஏன் ரத்து? இதற்குப் பதில் எளிது, ஆனால் எந்த அறிவிப்பிலும் சொல்ல மாட்டார்கள். நேற்றுச் சென்னையிலிருந்து கிளம்பி வருகிற பெட்டிகள்தான் இன்றைக்குக் கழுவி, தண்ணீர் ஏற்றி, இங்கிருந்து திரும்பிப் போகிற வண்டி. அந்த வண்டி வராவிட்டால் இங்கே அனுப்பப் பெட்டி இல்லை. அங்கே யார்டில் நிற்கிற காலிப் பெட்டிகளைச் சங்கிலி போட்டுத் தண்டவாளத்தோடு கட்டி வைத்திருப்பார்கள், காற்று தள்ளினால் அது டிரைவர் இல்லாமலே ஓடும். மின்கம்பி அறுந்திருக்கும், மரம் விழுந்திருக்கும். புயல் போன பிறகும் ஒரு கேங்மேன் நடந்து போய்த் தடத்தைப் பார்த்துச் சொன்னால்தான் வண்டி நகரும். மழைக் கோட்டும் விளக்குமாக நடந்து போகிற அந்த மனிதரும் நம்மைப் போல கூலிக்காரர்தான். ஆகவே மூன்றாம் நாள், நான்காம் நாள்கூட இங்கே வண்டி ரத்தாகும். 2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது 140 வண்டிகளுக்கு மேல் முன்கூட்டியே ரத்து செய்தார்கள். சென்னையில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் உள்ள பாலத்தில் தண்ணீர் ஏறியதும் சென்ட்ரலே முடங்கியது. புயல் கரையைத் தொட்டது ஆந்திராவில் பாபட்லாவுக்குப் பக்கத்தில். அடி விழுந்தது மும்பையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நமக்கும்தான்.

ஆதரவாகப் பேச வேண்டிய பாதி முடிந்தது.

வண்டியை நிறுத்தினீர்கள், சரி. மனிதனை எங்கே நிறுத்தினீர்கள்? முன்பதிவு செய்தவனுக்குப் போனில் செய்தி வருகிறது. ஜெனரல் பெட்டியில் போகிறவனுக்கு யார் சொல்வது? அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, போன் நம்பர் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. ஸ்டேஷனுக்கு வந்து பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான். பலகையில் இந்தி, மராத்தி, ஆங்கிலம். ஒலிபெருக்கியிலும் அதே. நம் வீட்டு ஆயாவுக்கு அதில் எது புரியும்?

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மற்றதைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இப்படி ஒரு புயல் நாளில் கவுண்டருக்கு உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஒரு வயதான அம்மா தமிழில் கேட்டார்: "தம்பி, நாகர்கோவில் வண்டி உண்டா?" நான் தலையைத் தூக்காமல் "கேன்சல்" என்றேன். அவர் நகரவில்லை. மறுபடியும் "கேன்சல், கேன்சல், அடுத்த ஆள்" என்றேன். டியூட்டி முடிந்து இரவு வெளியே வந்தால் அந்த அம்மா அதே தூணுக்கு அடியில் ஒரு பையும் பிஸ்கட் டின்னுமாக உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்ன வார்த்தைக்கு வண்டி லேட் என்று பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது மணி நேரம்! தமிழ் தெரிந்த குமாஸ்தா தமிழ் அம்மாவிடம் இங்கிலீஷில் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டான். செம்பூரில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்கு ஆட்டோ வைத்துக் கொண்டுபோய் விட்டேன். அதனால் என் தப்பு சரியாகிவிடவில்லை.

2020 ஜூன் 3ஆம் தேதி நிசர்கா புயல் அலிபாக் பக்கம் கரை ஏறியது. அன்று குர்லாவில் லோக்மான்ய திலக் முனையத்திலிருந்து காலையில் போக வேண்டிய திருவனந்தபுரம் வண்டியை மாலைக்குத் தள்ளினார்கள். சரியான முடிவு. ஆனால் கொரோனா காலம், லோக்கல் வண்டி நமக்குக் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவன் அத்தனை மணி நேரம் எங்கே போவான்? ராஜதானி, சதாப்தி தாமதமானால் சாப்பாடு கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஜெனரல் பெட்டிக்காரனுக்குக் குழாய்த் தண்ணீர், அதுவும் வந்தால். ஸ்ரீவைகுண்டத்தில் அந்த 800 பேருக்கு முதலில் சோறு போட்டது யார்? பக்கத்தில் புதுக்குடி ஊர்ச் சனங்கள். தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போது கோயிலில் பொங்கிக் கொடுத்தார்கள்.

செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2019 மே மாதம் ஒரிசாவில் பானி புயல் வருமுன் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை ரத்து செய்தார்கள். அதற்கு முந்தின நாளே பூரியிலிருந்து வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஹௌரா பக்கம் சிறப்பு வண்டிகள் விட்டார்கள். புயல் பூரியில் கரை ஏறும்போது ஸ்டேஷன் காலி. ரத்து என்பதோடு கை கழுவாமல், முதலில் ஆளைக் கொண்டுபோய்ச் சேர், பிறகு வண்டியைக் கட்டு என்று செய்தார்கள். பூரிக்கு வந்த யாத்திரிகனுக்குச் செய்தது, தாதரில் நிற்கும் தையல்காரனுக்கு ஏன் முடியாது?

பணத்தைப் பற்றி, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இரயில்வே வண்டியை ரத்து செய்தால் கவுண்டர் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் திரும்பும், பிடித்தம் கிடையாது. ஆனால் வண்டி புறப்பட வேண்டிய நாளுக்குப் பின் மூன்று நாளுக்குள் டிக்கெட்டைக் கொடுத்துவிட வேண்டும். கசங்கியது என்று கிழித்துப் போடாதீர்கள். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகவில்லை என்றாலும் முழுப் பணம் உண்டு, ஆனால் வண்டி உண்மையில் கிளம்புவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, மேலே கொண்டுபோக இரயில்வே வேறு ஏற்பாடு செய்யவில்லையா? நீங்கள் வந்த தூரத்துக்கும் சேர்த்து முழுக் கட்டணமும் திரும்பும். அதற்கு அந்த ஸ்டேஷனிலேயே டிக்கெட்டைக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கோபத்தில் பஸ் ஏறிவிட்டால் போச்சு. விவரம் கேட்க 139.

ஆன்லைன் டிக்கெட் என்றால் பணம் தானாகத் திரும்பும். யாருக்கு? டிக்கெட் போட்டவன் கணக்குக்கு. நம் தொண்ணூறடி ரோட்டில் ஏஜெண்டிடம் போடுகிறவர்கள் அதிகம். சில ஏஜெண்டுகள் பயணியின் நம்பருக்குப் பதில் தங்கள் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். ரத்துச் செய்தியும் அவனுக்கு, பணமும் அவனுக்கு. நீங்கள் ஸ்டேஷனில். இனிமேல் உங்கள் நம்பரைப் போட்டானா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

இன்னொரு நஷ்டம் இருக்கிறது, அதை எந்தக் கவுண்டரும் திருப்பித் தராது. 2023 டிசம்பரில் ஊரில் மாட்டிக்கொண்ட தம்பி ஒருவர், தோல் பை தைக்கிறவர், ஏழு நாள் தாமதமாக வந்தார். இருந்த வேலையில் வேறு ஆள். முதலாளிக்கு ஒரு காகிதம் காட்ட வேண்டும், வண்டி இல்லாததால்தான் வரவில்லை என்று. பேப்பரில் வந்த செய்தியைக் காட்டினார். "இது உன் வண்டி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டானாம். டிக்கெட் இருந்திருந்தால் வண்டியின் பெயரையாவது காட்டியிருக்கலாம், அதுவும் ஜெனரல் டிக்கெட், நம்பர் எதுவும் கிடையாது.

ஆகவே இன்று ஒரு மனு கொண்டு வந்திருக்கிறேன். தாதர், குர்லா, சி.எஸ்.எம்.டி. மூன்று இடத்திலும் புயல் நாட்களில் தமிழிலும் அறிவிக்க வேண்டும். ஜெனரல் டிக்கெட்காரர்களுக்குத் தங்க இடமும் ஒரு வேளைச் சாப்பாடும் வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்தோடு, இன்ன தேதி இன்ன வண்டி ஓடவில்லை என்று கேட்கிறவனுக்கு ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். மூன்றாவதற்குப் பைசா செலவில்லை. என் போன்ற குமாஸ்தாவின் கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

மனு வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மை வைத்திருக்கிறோம். ரத்தான வண்டியின் பழைய டிக்கெட் யாரிடமாவது இருந்தால் நகல் எடுக்க வேண்டும், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டு வாருங்கள். தாதரில் தமிழில் அறிவிக்க ஆள் இல்லை என்று நாளைக்குச் சொல்வார்கள். மைக்கைக் கொடுத்தால் பேச நான் இருக்கிறேன், இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பெண்களில் ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?