மூடிய வாயிலைத் திறக்கலாமா?



ஓர் ஊரில் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்து, அது நெடுங்காலம் மூடிக்கிடந்து, அதனை மீண்டும் திறக்கலாம் என்ற பேச்சு எழுமாயின், ஊரார் இரு கட்சியாகப் பிரிவது இயல்பு. “எங்கள் இளமைக்கால மகிழ்ச்சியை எங்கள் பேரக் குழந்தைகளும் பெறட்டும்” என்பர் ஒரு சாரார். “துருவேறிய இரும்பையும் உளுத்த மரத்தையும் நம்பிக் குழந்தைகளை ஏற்றுவதோ?” என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் நியாயம் உண்டு. ஆதலின், நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டே இதற்கு விடை காண முயல்வோம்.

இங்கிலாந்தின் தென்கிழக்கே, கெண்ட் பகுதியில், மார்கேட் என்னும் சிறிய கடற்கரை ஊர் உள்ளது. லண்டன் மாநகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ரெயிலேறி வந்து கடற்காற்று வாங்கிய ஊர் அது. அங்கே ஜான் ஹென்றி அயில்ஸ் என்பவர் 1920-ஆம் ஆண்டில் ‘டிரீம்லாண்ட்’ என்னும் கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார். கனவு நாடு என்பது அப்பெயரின் பொருள். அதன் நடுநாயகமாக விளங்கியது ‘சீனிக் ரெயில்வே’ என்ற மரத்தாலான மலைப்பாதை வண்டி. இழுவைக் கயிறு வண்டியை உச்சிக்கு ஏற்றிவிடும். அதன்பின் தன் எடையாலேயே அது இறங்கியும் ஏறியும் ஓடும். வேகத்தை அடக்குவதற்கு ஒரு மனிதர் வண்டியிலேயே உடன் சென்று தடைக்கட்டையை இயக்குவார். பயணிகளின் உயிர் அவருடைய கைப்பிடியில் இருந்தது என்று சொன்னால் அது மிகையன்று.

காலம் மாறிற்று. குறைந்த செலவில் விமானமேறி ஸ்பெயின் நாட்டின் வெயிலுக்குச் செல்லும் வழக்கம் பெருகவே, இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் பல பொலிவிழந்தன. 2003-ஆம் ஆண்டில் டிரீம்லாண்ட் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஊர் மக்கள் வாளாவிருக்கவில்லை. பூங்காவைக் காக்க ஓர் இயக்கம் கண்டனர். அவர்களுக்குத் துணையாக ஒரு சட்டப் பாதுகாப்பு இருந்தது. முந்திய ஆண்டாகிய 2002-இலேயே அந்த மர வண்டிப்பாதை, காக்கப்படவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. உரிய அனுமதியின்றி அதனை இடிக்க இயலாது. எனினும், 2008 ஏப்ரலில் தீப்பற்றி, அதன் ஒரு பகுதி கரிந்துபோயிற்று.

நிலத்தை உள்ளாட்சி மன்றம் கட்டாயக் கொள்முதல் முறையில் கையகப்படுத்த முனைந்தது. வழக்குகளுக்குப் பின்னர் 2013-இல் பூங்கா அதன் வசமாயிற்று. 2015 ஜூன் மாதத்தில் வாயில் திறந்தது. ஆனால், மர வண்டி அன்று ஓடவில்லை. செப்பனிடும் வேலை முடியாமையால் அதற்கு அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. திறப்பு விழாவின் ஆரவாரத்துக்காக அவசரப்பட்டு ஓட்டாமல் காத்திருந்தார்களே, அதனை நான் பாராட்டுகிறேன். அடுத்த ஆண்டே, பூங்காவை நடத்திய நிறுவனம் கடன் சுமையால் நிர்வாகிகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. திறப்பது ஒரு நாள் வேலை. திறந்தே வைத்திருப்பது பல்லாண்டு வேலை என்பது இதனால் விளங்கும்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். லண்டனில் பாட்டர்ஸீ பூங்காவில், 1951-ஆம் ஆண்டு பிரிட்டன் விழாவை ஒட்டி ஒரு கேளிக்கைத் திடல் தோன்றியது. அங்கும் ‘பிக் டிப்பர்’ என்ற மர வண்டி ஓடிற்று. 1972 மே 30-ஆம் நாள், மேலேறிக்கொண்டிருந்த வண்டி இழுவைக் கயிற்றினின்றும் விடுபட்டது. பின்னோக்கி உருளாமல் தடுக்கவேண்டிய அமைப்பும் பயன்படவில்லை. ஐந்து குழந்தைகள் மாண்டனர். 1974-இல் அத்திடல் மூடப்பட்டது. அதனை மீண்டும் திறக்காததற்காக எந்தப் பெற்றோர் வருந்துவர்? எல்லா மூடிய வாயில்களும் திறக்கத் தக்கன அல்ல.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூற விரும்புகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஓராண்டு மாணவர்களைப் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்றேன். இராட்டினத்தில் ஏறுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று முன்னரே வசூலித்திருந்தோம். எல்லாரும் ஏறிச் சுழன்றுகொண்டிருக்க, ஒரு பையன் மட்டும் கீழே மற்றவர்களின் செருப்புகளுக்கும் சோற்றுப் பொட்டலங்களுக்கும் காவலாக அமர்ந்திருந்தான். “நீ ஏன் ஏறவில்லை?” என்றேன். “எனக்குத் தலை சுற்றும், சார்” என்றான். நானும் நம்பிவிட்டேன். அவன் பணம் கட்டவில்லை என்பதை மறுநாள் வசூல் பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான் கண்டேன். பட்டியல் முதல் நாளும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதனை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். ஏனைய பிள்ளைகளின் ஆரவாரம் என் நினைவில் மங்கிவிட்டது. அவன் அமர்ந்திருந்த இடம் மட்டும் மங்கவில்லை.

ஆகவே, மூடிய பூங்காவைத் திறக்கலாமா என்று எவரேனும் என்னைக் கேட்டால், நான் மூன்று வினாக்களைத் திருப்பிக் கேட்பேன். முதலாவது: ஒவ்வோர் ஆணியையும் கயிற்றையும் சோதித்துக் கையெழுத்திடுபவர் யார்? அவர் பூங்காவின் வருமானத்தில் பங்கில்லாதவராக இருத்தல் வேண்டும். இரண்டாவது: திறப்பு விழா முடிந்து மாலைகள் வாடிய பின்னர், ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் பழுது பார்க்கப் பணம் எங்கிருந்து வரும்? மூன்றாவது: காசில்லாத குழந்தைக்கு அங்கே என்ன இடம்?

இவற்றுக்குத் தக்க விடை கிடைக்குமாயின், தாராளமாகத் திறக்கட்டும். குழந்தைகள் கூவி மகிழ்வது ஊருக்கு அழகு. அது வீண் செலவன்று. முதல் இரு வினாக்களைப் பொறியியல் வல்லுநரும் கணக்கரும் கேட்பர். மூன்றாவதைக் கேட்கவேண்டியவர்கள் நாம்தாம். கேட்கத் தவறிய ஒருவன் என்ற முறையில் இதனைச் சொல்லி விடைபெறுகிறேன்.