அடித்தளத்தை முதலில் கற்போம்



இணையதளம் உருவாக்கும் வேலைக்குப் போக விரும்பும் தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "ரியாக்ட் படிக்கவா, ஆங்குலர் படிக்கவா? படித்து முடிப்பதற்குள் பழசாகிவிடுமா?" இந்தப் பயம்தான் சில பயிற்சி நிலையங்களுக்கு மூலதனம். அங்கே கட்டும் பணமோ பல வீடுகளில் நகையை அடகு வைத்து வாங்கியது. அதனால் நிதானமாக முடிவெடுப்போம்.

2006இல் ஜேகுவெரி வந்தது. 2010இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவைக் கூகுள் நிறுத்திவிட்டது. கொடிகட்டிப் பறந்த ஃபிளாஷின் ஆதரவு 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. ஜேகுவெரி செய்துவந்த பல வேலைகளை இன்று பிரவுசரே செய்கிறது. ஆனால் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகின் முதல் இணையதளத்தின் பக்கங்களை இன்றைய பிரவுசரிலும் படிக்கலாம். அவை வெறும் எச்டிஎம்எல்.

ஆகவே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எச்டிடிபி, எஸ்க்யூஎல் ஆகியவற்றை முதலில் ஆழமாகப் படியுங்கள். இவையும் வளர்கின்றன, ஆனால் நேற்றுக் கற்றது வீணாவது அரிது. எம்டிஎன் தளத்தில் இதில் பெரும்பகுதியைக் காசில்லாமல் படிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு 'டிவ்'வுக்கு நிறம் பூசி பட்டன் போலக் காட்டலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மவுஸ் பிடிக்க முடியாதவர் டேப் விசையால் அதை அடைய முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதை பட்டன் என்று சொல்லாது. 'பட்டன்' டேக் இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். இது தெரியாமல் எந்த ஃபிரேம்வொர்க்கில் எழுதினாலும், நாம் சிலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

"செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறதே" என்பீர்கள். எழுதும். பயனர் தட்டியதை அப்படியே எஸ்க்யூஎல் கட்டளையில் ஒட்டியும் தரலாம். அந்த ஓட்டை வழியே தரவுத்தளம் முழுவதும் திருடுபோகலாம். அதைப் படித்துப் பார்த்து, "இது தவறு" என்று சொல்லத் தெரிந்தவர்தான் வேலையில் நிற்பார்.

ரியாக்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை விளம்பரங்கள் கேட்கின்றன. ஏதேனும் ஒன்றை நன்றாகப் படியுங்கள். ஆனால் புதிய பெயர் ஒன்று வரும்போதெல்லாம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது? அந்தச் சிக்கல் என் வேலையில் இருக்கிறதா? இல்லையென்றால் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு நகருங்கள்.

நகையை மீட்பதற்குள் பழசாகிவிடும் படிப்புக்காக அதை அடகு வைக்காதீர்கள், தோழர்களே.